கரி பஸ் ஓடிய ஊரில் பேட்டரி கார்

பெட்ரோலுக்கு மாற்று என்ற பேச்சு மதுரைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றுபோனது. பஸ்களை ஷெட்டில் நிறுத்திவைக்க மனமில்லாத மதுரை பஸ் முதலாளி டி.வி. சுந்தரம் அய்யங்கார், ‘டி.வி.எஸ். காஸ் பிளான்ட்’ என்ற சாதனத்தைத் தயாரித்தார். வண்டியோடு சேர்த்துப் பொருத்தும் உலை அது, உள்ளே அடுப்புக்கரி. போதாத அளவில் காற்றைக் கொடுத்தால் கரி முழுதாக எரியாது, கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். அந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி இன்ஜினுக்குள் விட்டால், பெட்ரோலின் இடத்தில் அது எரியும். பஸ் ஓடும்.

ஓடும், ஆனால் திணறிக்கொண்டு. கரிவாயுவில் பாதியளவு எதற்கும் உதவாத நைட்ரஜன். இன்ஜினின் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழும். காலையில் உலையை மூட்டி, வாயு சீராக வரும்வரை காத்திருக்க வேண்டும். வழியில் கரி போட வேண்டும். வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் இந்த உலைகள் கழன்றுபோயின. யாரும் தடை போடவில்லை, எதிர்த்து எழுதவும் இல்லை. தொல்லை அதிகமாக இருந்தது, அவ்வளவுதான்.

மின்சாரக் காரே ஒருமுறை இப்படித் தோற்றதுதான். 1900 வாக்கில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பேட்டரி வண்டி. பெட்ரோல் காரை அப்போது கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். பின்னால் உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1912-ல் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பெட்ரோல் காரின் பெரிய தொல்லை போனதும் பேட்டரி கார் சந்தையை விட்டே போய்விட்டது. ஆகவே இன்றைக்கு மதுரையில் ஒருவர், “இதெல்லாம் நம்ம ஊர் வெயிலுக்கும் கரண்டுக்கும் சரிப்படுமா?” என்று கேட்டால் அவரைப் பழைய காலத்து ஆள் என்று ஒதுக்கத் தேவையில்லை. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்ததிலிருந்து இந்தக் கேள்வி இங்கே கூடுதலாகவே காதில் விழுகிறது. எந்தச் சந்தேகத்துக்கு இயற்பியலில் வேர் இருக்கிறது, எதற்கு நம் தெருவிலும் மின்கம்பத்திலும் வேர் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் தூரம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றலை வீட்டு மீட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 9 யூனிட். 35 லிட்டர் டேங்க் நிரம்பினால் 315 யூனிட். அதன் எடை 26 கிலோ. இங்கே விற்கும் நடுத்தர மின்சாரக் காரின் பேட்டரியில் 40 யூனிட் பிடிக்கும். எடை 300 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். இந்த ஒரு கணக்கைக் காட்டியே பலர் வழக்கை முடித்துவிடுவார்கள். ஆனால் பெட்ரோல் இன்ஜின் வெப்ப இயந்திரம். எரிந்த வாயுவின் சூட்டில் ஒரு பகுதியைத்தான் அது வேலையாக மாற்ற முடியும். மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் மதுரைக் காற்றில் கலக்கிறது. நகர நெரிசலில் சக்கரத்துக்கு வந்து சேர்வது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 315-ல் உருப்படியாவது 70 யூனிட். மோட்டாரோ வாங்கியதில் 85 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும், 40-ல் 34. எட்டு மடங்கு என்று தெரிந்த வித்தியாசம் உண்மையில் இரண்டு மடங்குதான். அந்த இரண்டு மடங்கு பொய்யல்ல, இருக்கத்தான் செய்கிறது. சென்னைக்கு 460 கி.மீ. நிற்காமல் போகும் பழக்கம் உள்ளவருக்கு அது உறைக்கும்.

மதுரைக்காரருக்கு இன்னொரு சோதனைக் களம் உண்டு: கொடைக்கானல். சுமார் 115 கி.மீ. தூரம், 2,000 மீட்டர் ஏற்றம். நான்கு பேரோடு 1,900 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலே சொல்லிவிடும். எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 10 யூனிட். மோட்டார் விரயத்தோடு 12. சமதளத்தில் அதே தூரம் போக வேண்டிய 16 யூனிட்டைக் கூட்டினால் 28. நாற்பதில் 28 போய்விட்டது. வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்து ஓட்டுபவரின் கண் ரோட்டில் பாதி, திரையில் பாதி இருக்கும். ஆனால் ஏற்றத்துக்குக் கொடுத்த அந்த 10 யூனிட் தொலையவில்லை, உயரமாக உட்கார்ந்திருக்கிறது. இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி அதில் ஆறு, ஆறரை யூனிட்டைத் திரும்பப் பேட்டரிக்குள் தள்ளும். பெட்ரோல் கார் அதே ஆற்றலை இன்ஜின் இழுவையிலும் பிரேக் தட்டிலும் சூடாக்கி விட்டுவிடுகிறது. காட் ரோட்டில் மூக்கைத் துளைக்கும் பிரேக் நாற்றம் அதுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே ஓட்டலில் இரவெல்லாம் போட்டு நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இறக்கத்தில் வரும் மின்சாரத்தைப் போட்டுவைக்க பேட்டரியில் இடம் இருக்காது. எண்பதோடு நிறுத்திவிட்டு இறங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது சார்ஜ் ஏற்றும் நேரம். இங்கே பெட்ரோல் பங்க் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது. நிமிடத்துக்கு 35 லிட்டர் ஊற்றும் குழாயில் பாயும் ஆற்றலை மின்சாரமாகக் கணக்கிட்டால் 18,000 கிலோவாட்டைத் தாண்டும். நெடுஞ்சாலையோர ஃபாஸ்ட் சார்ஜர் 60 கிலோவாட். வீட்டு 15 ஆம்பியர் பிளக் மூன்று சொச்சம். அதில் 40 யூனிட் ஏற ஒரு முழு இரவு வேண்டும். சார்ஜரைப் பெரிதாக்கினால் போதாதா என்றால், பேட்டரியே இடம் கொடுக்காது. சார்ஜ் ஏறுவதென்றால் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்காருவது. மீனாட்சி கோயிலில் தர்ம தரிசனத்துக்கு நிற்கும் கூட்டத்தைப் போலத்தான்: உள்ளே இடம் இருக்கும்வரை வரிசை நகரும், பிரகாரம் நிறைந்தபின் வாசலில் நெரிசல். உள்ளே போக முடியாத லித்தியம் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தது பெரும்பாலும் வேலைக்குத் திரும்புவதில்லை. ஊசிபோல வளர்ந்து செல்லுக்குள் குறுக்குச் சுற்றையும் உண்டாக்கலாம். அதனால்தான் எண்பது சதவீதத்துக்குமேல் எல்லாக் காரும் தானாகவே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இனி வெயில். மதுரையில் பேசவேண்டிய சந்தேகங்களில் இதுவே முக்கியமானது என்று நினைக்கிறேன். கத்திரிக்கு முன்பும் பின்பும் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இங்கே ஆண்டுதோறும் வருகின்றன. தார் ரோட்டுக்கு அருகே அதைவிட அதிகம். பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலில் பழைய கட்டைவிரல் விதி. பேட்டரிக்குள் நாம் விரும்பாத வினைகளுக்கும் அது பொருந்தும். கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் மெதுவாகத் தடித்துக்கொண்டே வரும். அது தடிக்கத் தடிக்க லித்தியத்தைத் தின்னும், தின்றதை விடாது. காரை ஓட்டாமல் நிறுத்தியிருந்தாலும் இது நடக்கும். முழுச் சார்ஜோடு உச்சி வெயிலில் நிறுத்தினால் இன்னும் வேகமாக நடக்கும். பேட்டரியைச் சுற்றித் திரவம் ஓடவிட்டுக் குளிர்விக்கும் கார்களும், வெறும் காற்றை நம்பும் மலிவு வண்டிகளும் ஒரே வெயிலில் வேறு வேறு வேகத்தில் வயதாவது இதனால்தான். வாங்கப் போகிறவர் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது மைலேஜ் அல்ல, பேட்டரியைக் குளிர்விப்பது எது என்பதுதான்.

வெயிலோடு ஒட்டியே வருவது தீ பயம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தக் கோடையில் நாடு முழுவதும் ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகள் வந்தபின், அதே ஆண்டு டிசம்பரிலிருந்து பேட்டரிச் சோதனை விதிகளை மத்திய அரசு இறுக்கியது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த ஆக்சைடு செல்கள் 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது தம்முள் இருக்கும் ஆக்சிஜனை விட்டுவிடும். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே டப்பாவுக்குள். வெளிக்காற்றை மறித்து அணைக்கும் வழி அங்கே எடுபடாது. தண்ணீரைக் கொட்டிச் சூட்டைத் தணிப்பது ஒன்றே வழி.

இந்த ஆக்சிஜனைக் கட்டிப்போடும் வித்தையில் மதுரைக்கு ஒரு பங்கு இருப்பது ஊருக்குள் அவ்வளவாகத் தெரியாது. தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம் 1974-ல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றது மதுரைப் பல்கலைக்கழகத்தில். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் முடித்துவிட்டு, மறுபடி இங்கேயே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்எனஃபிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இருவரும் டெக்சாஸ் போனார்கள். அங்கே அவர்கள் கவனித்தது இது. இரும்பு ஆக்சைடை மின்முனையாக வைத்தால் லித்தியத்துக்கு எதிரே 2.5 வோல்ட்கூடத் தேறாது. ஆக்சிஜனைக் கந்தகத்தோடு பிணைத்து இரும்பு சல்ஃபேட்டாக வைத்தால் 3.6 வோல்ட். இரும்பு அதே இரும்புதான். ஆனால் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைக் கந்தகம் தன் பக்கம் இழுத்துவிடுவதால், இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிடி தளர்ந்து மின்னழுத்தம் கூடுகிறது. அதே காரணத்தால் ஆக்சிஜன் கந்தகத்திடம் இறுகச் சிக்கிக்கொள்கிறது. சூடேறினாலும் லேசில் வெளியே வராது. இந்தப் பாதையில் குட்எனஃபின் ஆய்வகத்தில் பத்தாண்டுக்குள் பிறந்ததுதான் லித்தியம் இரும்பு பாஸ்பேட். எல்.எஃப்.பி. என்று இன்று விளம்பரங்களில் வருகிறதே, அது. 2019-ல் 97 வயதில் நோபல் பரிசு பெற்ற குட்எனஃபுக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

எல்.எஃப்.பி.க்கு எடைக்கு எடை ஆற்றல் குறைவு. ஆனால் விலை மலிவு, ஆயுள் நீளம், தீ ஆபத்து குறைவு. கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாம். மதுரை வெயிலில் நிற்கப்போகும் வண்டிக்கு 50 கி.மீ. குறைவாக ஓடினாலும் இந்த ரசாயனத்தையே நான் சொல்வேன்.

நிலக்கரிக் கேள்வியை விட்டுவிட முடியாது. “புகை இல்லாத கார் என்கிறீர்கள், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் அந்தப் புகை வருகிறதே?” நியாயமான கேள்வி. கணக்குப் போடலாம், தோராயமாகத்தான். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார், சுத்திகரிப்பையும் டேங்கர் லாரியையும் சேர்த்தால், கி.மீ.க்கு 185 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல். நூறு கி.மீ.க்கு 15 யூனிட் குடிக்கும் மின்சாரக் கார், கம்பி இழப்பையும் சேர்த்தால், கி.மீ.க்கு 120 கிராம். ஆக நிலக்கரி மிகுந்த நம் மின்சாரத்திலும் 65 கிராம் மிச்சம். ஆனால் 40 யூனிட் பேட்டரியைத் தயாரிக்கும்போதே மூன்று டன் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட்டது. அந்தக் கடனை அடைக்க ஏறத்தாழ 45,000 கி.மீ. ஓட வேண்டும். டாக்சி அதை ஓராண்டில் ஓடிவிடும். கல்யாணத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் மட்டும் கவரைக் கழற்றும் வீட்டுக் கார், வருஷத்துக்கு 5,000 கி.மீ. ஓடினால், ஒன்பது வருஷம் கடனிலேயே இருக்கும். அப்படிப்பட்டவர் கையிலிருக்கும் பழைய காரை நன்றாகப் பராமரித்து வைத்துக்கொள்வதே மேல் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பதும் இதில் அடங்கும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களில் காற்றாலைகள் சுழல்கின்றன. பகலில் ஆபீஸ் வாசலில் ஏற்றும் யூனிட்டில் வெயில் கலந்திருக்கும். இரவு ஏழு மணிக்கு, ஏ.சி.யும் டிவியும் ஓடும் நேரத்தில் ஏற்றும் யூனிட்டில் பெரும்பங்கு நிலக்கரி. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 100 கே.வி.ஏ. என்றால் ஏழு கிலோவாட் சார்ஜர்கள் பத்து ஒரே நேரத்தில் ஓடினாலே முக்கால் வயிறு நிரம்பிவிடும். மே மாத இரவில் ஃபியூஸ் போகும் ஊரில் இது கற்பனைக் கவலை அல்ல. ஆனால் இதை இரவு பதினொன்றுக்குமேல் தள்ளிப்போட ஒரு டைமர் போதும்.

இதுவரை காரைப் பற்றியே பேசினோம். அங்கேதான் இந்த விவாதம் வெளிநாட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடக்கிறது என்பேன். இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் ஐந்தில் மூன்று பங்கை இருசக்கர வாகனங்கள் குடிப்பதாக, பெட்ரோலிய அமைச்சகப் பிரிவு பத்தாண்டுக்கு முன் நடத்திய கணக்கெடுப்பு காட்டியது. கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு நிமிடம் நின்றாலும் இது விளங்கும். 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற கார்களில் மின்சாரக் கார் மூன்று சதவீதத்தைத் தொடவில்லை, இருசக்கரத்தில் ஆறு, மூன்று சக்கரத்தில் பாதிக்குமேல். நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரம். அது அருவி மின்சாரமும் பெட்ரோல் கார்மேல் கடும் வரியும் உள்ள பணக்கார நாடு. அந்தப் பாதையை இங்கே தேடினால் காணக் கிடைக்காது. இங்கே வேறு பாதை: மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பஸ் நிலையம் வரை நாள் முழுக்க ஓடும் ஆட்டோ.

ஆட்டோவின் கணக்கு எளிது. எட்டு யூனிட் பேட்டரி. நாளுக்கு நூறு கி.மீ.; இரவில் ஸ்டாண்டிலோ வீட்டிலோ நிற்கும் வண்டி. சின்ன பேட்டரி என்பதால் கார்பன் கடன் நான்கைந்து மாதத்தில் தீர்ந்துவிடும். பணக் கணக்கு அதைவிட வேகம். லிட்டர் நூறு ரூபாய் பெட்ரோலுக்கும் பத்து ரூபாய் யூனிட்டுக்கும் நடுவே நாளொன்றுக்கு முன்னூறு ரூபாய்போல மிஞ்சும். அது டியூ கட்டும். சாயங்காலம் ஒரு சவாரியை “சார்ஜ் இல்லைண்ணே” என்று மறுக்க நேர்வதுதான் அவர்களின் வருத்தம். நாற்பது டிகிரியில் பழுத்த பேட்டரியை மாற்ற எத்தனை வருஷத்தில் எவ்வளவு ஆகும் என்பது அவர்களின் பயம். இரண்டும் மெய்.

பெட்ரோலுக்கு அரபு நாட்டை நம்பியதுபோல் பேட்டரிக்குச் சீனாவை நம்ப வேண்டுமே என்பவர்களுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. 2025 ஏப்ரலில், மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் இந்திய ஆலைகள் சில தடுமாறின. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் அதில் உண்டு. மோட்டார் சூட்டைத் தாங்கக் கலக்கும் டிஸ்ப்ரோசியமோ பெயருக்குத்தான். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் லித்தியம் பேட்டரி ஆய்வு பல்லாண்டுகளாக நடக்கிறது. செல்கள் மட்டும் இன்னமும் பெரும்பாலும் கப்பலில்தான் வருகின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. பெட்ரோல் கப்பல் நின்றால் ஓடும் வண்டி நின்றுவிடும். செல் கப்பல் நின்றால் புது வண்டி மட்டும்தான் வராது.

எனக்கே தீராத சந்தேகங்கள் வேறு இரண்டு. மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் சந்துகளில் வீட்டுக்குக் கார் போகாது. காரை இரண்டு தெரு தள்ளி, கிடைத்த இடத்தில் நிறுத்துகிறார்கள். மீட்டர் வீட்டில், கார் தெருவில். நடுவில் ஒயர் இழுக்க முடியாது. பொது சார்ஜர் வந்தாலும், இரவு பத்து மணிக்குக் காரை அங்கிருந்து எடுத்துவிட்டு வேறு இடம் தேடுவது யார்?

மற்றது பழைய வண்டிச் சந்தை. நம் ஊரில் முதல் கார் வாங்குபவர் பலரும் வாங்குவது இரண்டாம் கை வண்டி. பெட்ரோல் காரென்றால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய், சைலன்சர் புகையைப் பார்த்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, ஆயில் கேப்பைத் திறந்து பார்த்து விலை பேசுவார்கள். பேட்டரியின் வயது காதுக்கும் மூக்குக்கும் தெரியாது. முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, எத்தனை யூனிட் உள்ளே போய் எத்தனை வெளியே வந்தது என்று அளந்தால்தான் மிஞ்சிய கொள்ளளவு தெரியும். ஒரு நாள் வேலை. ஆயிரக்கணக்கில் செலவாகாத வேலைதான். அப்படி அளந்து தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு தாளை எடுத்துக்கொண்டு பேரம் பேசும் வழக்கம் கே.கே. நகர் பழைய கார் வியாபாரிகளிடம் வரட்டும். அதுவரை எட்டு வருஷத்து மின்சாரக் காரை அரை விலைக்குக் கொடுத்தாலும் வாங்க என் கை வராது.